கம்பத்தின் மேல் போன் இல்லை

கல்வராயன் மலை,
வெள்ளிமலைக்கு மேற்கே
2.10.1987

டேய் கலை,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் குண்டடிபட்டுச் செத்துவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். சாகவில்லை. பதின்மூன்று நாளாக குஞ்சம்மாள் என்ற மலைக்கார அம்மாவின் மரவள்ளிக் காட்டில் பதுங்கிக் கிடக்கிறேன். இந்தக் கடிதம் கிழங்கு லாரியில் இறங்கி, கள்ளக்குறிச்சியில் தபால் பெட்டியில் விழும்.

உன் கூடப்பிறந்த பச்சமுத்து அண்ணன் செத்த செய்தி உனக்குத் தந்தியில் வந்திருக்கும். எடுப்புக்கு என்னால் வர முடியவில்லை. வந்திருந்தால் உங்கள் காலனி ஆட்கள் வெட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் போலீஸ் பிடித்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சாதிக்காகச் சங்கம் கேட்டது இருபது சதவீத இட ஒதுக்கீடு. கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய்த்தான் ரோட்டை மறித்தோம். மூன்றாம் நாள் கச்சிராயபாளையம் ரோட்டில், நம் கரண்ட் ஆபீஸ் எதிரே, புளியமரங்களை வரிசையாக அறுத்துக்கொண்டிருந்தோம். தங்கதுரை சித்தப்பாதான் முன்னால் நின்றார். ஒரு மரம் லைன் பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியே விழுந்தால் பதினோராயிரம் வோல்ட் கம்பியை அறுத்துக்கொண்டு ஆட்கள் மேல் விழும். பச்சமுத்து அண்ணன் வயர்மேன். கம்பியை அவிழ்த்துவிடக் கம்பத்தில் ஏறினார். அந்த நேரம் பார்த்து போலீஸ் வேன்கள் வந்தன. கல் பறந்தது. சுட்டார்கள். எனக்கு ஒரு கை தள்ளி நின்ற வடக்கனந்தல்காரனுக்குத் தாடையே இல்லாமல் போய்விட்டது; அவன் பல் ஒன்று என் சட்டையில் ஒட்டியிருந்ததை மலை ஏறிய பிறகுதான் பார்த்தேன். எல்லோரும் ஓடினோம். அந்தச் சமயத்தில் லைனில் கரண்ட் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நீ சுப்ரீம் கோர்ட் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவன். ஒன்று சொல். இருபது சதவீதம் கொடுத்தால் கோர்ட்டில் நிற்குமா, நிற்காதா? இத்தனை பேர் செத்தது வீணா என்று தெரிய வேண்டும்.

தீனா

•

புது தில்லி
20.10.1987

தீனா,

நான் ஊருக்கு வந்து திரும்பிவிட்டேன். விழுப்புரத்துக்கு மேல் பஸ் இல்லை. நீங்கள் அறுத்துப்போட்ட மரங்களுக்கு மேல் ஏறி இறங்கி, ஒன்றரை நாள் நடந்தேன். நான் வந்தபோது அண்ணனைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

உன் கடிதம் பாதியில் நின்றுவிடுகிறது. மீதியை நான் எழுதுகிறேன். போலீஸ் போன பிறகு, காலனி ஆட்கள் அண்ணனை இறக்கினார்கள். இடது கை கம்பியோடு ஒட்டிக்கொண்டதால் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. உடம்பை ரோட்டில் கிடத்தி, கரண்டை விட்டது யார் என்று கேட்டார்கள். அதற்குப் பதில் பகல் மூன்று மணிக்கு வந்தது. உன் சித்தப்பா தங்கதுரையும் நூறு பேரும். முப்பத்தொரு வீடு எரிந்தது. எங்கள் வீட்டுக் கூரை சரிந்தபோது அம்மா உள்ளே இருந்தாள். அவள் வலது கையில் இப்போது விரல்கள் பிரியவில்லை. ரங்கம்மாள் கை நடவு நட்டால் வரிசை கோணாது என்று உங்கள் வீட்டிலேயே சொல்வார்கள், நினைவிருக்கிறதா?

நீ கேட்டதற்குப் பதில். 1962-இல் மைசூர் வழக்கில், அறுபத்தெட்டு சதவீத ஒதுக்கீடு மிகையென்று சுப்ரீம் கோர்ட் தள்ளியது. பொதுவாக ஐம்பதுக்குள் இருக்க வேண்டும் என்றது. 1968-இல் நம் மதராஸ் வழக்கில், ஒரு சாதி முழுவதுமே பின்தங்கியிருந்தால் சாதிப் பெயரால் பட்டியல் போடுவது தவறில்லை என்றது. உங்கள் இருபது நிற்கும். நம் மாநிலத்தில் பிற்பட்டோருக்கு இருக்கிற ஐம்பதுக்குள் பிரித்துக் கொடுத்தால் நன்றாகவே நிற்கும்.

நான் கேட்பதற்கு நீ பதில் சொல். செவ்வந்தி அண்ணி அன்று சோற்றுத் தூக்கோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏறமாட்டேன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. 'லைன் கிளியர் இருக்குது, ஏறு'ன்னு ஒரு கொரலு வந்துச்சு. அப்பறம்தான் ஏறுனாரு. கூட்டத்துல எவன் கொரலுன்னு தெரியல."

எவன் குரல்?

இன்னொன்று. ஊரில் அண்ணனை நீ பேர் சொல்லித்தான் கூப்பிடுவாய். உன்னைவிடப் பத்து வயது மூத்தவன். கடிதத்தில்தான் முதல்முறையாக அண்ணன் என்கிறாய். செத்த பிறகு கிடைத்த மரியாதையை அவனிடம் சொல்ல வழியில்லை.

கலையரசன்

•

கள்ளக்குறிச்சி
12.1.1988

கலை,

உன் கடிதம் மலைக்கு வந்த மறுநாளே போலீஸும் வந்தது. எனக்காக இல்லை, சாராயத்துக்காக. கடுக்காய் ஊறல் பானைகளை லத்தியால் உடைத்துக்கொண்டே வந்தார்கள். குஞ்சம்மாள் வீட்டில் பானை இல்லை, நான் இருந்தேன். "யார்றீ இவன்?" என்று கேட்டார்கள். "எங்கூட்டுப் புள்ள" என்றாள். வாயிலேயே ஒரு அறை. மறுபடி கேட்டார்கள். மறுபடி அதையே சொன்னாள். நான்கு அடிக்கு நான்கு முறை சொன்னாள். ஐந்தாவது அடிக்கு முன்னால் நானே எழுந்து என் பேரைச் சொன்னேன். பூட்ஸ் காலால் என் விரல்கள் மேல் ஏறி நின்றார்கள். கடலூர் ஜெயிலில் நாற்பத்தெட்டு நாள். இப்போது ஜாமீன்.

நீயும் போலீஸ் மாதிரியே கேட்கிறாய். எவன் குரல், எவன் குரல். ஆயிரம் பேர் நின்ற இடத்தில் ஆயிரம் குரல்.

நான் கேட்கிறேன், நீ சொல். உன் அண்ணன் எட்டாவது பாஸ். நிரந்தர வேலை, காக்கிச் சட்டை. நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா, முதல் வகுப்பு. அதே ஆபீஸில் காண்ட்ராக்ட் கூலி, அவருக்குக் கீழே ஏணி தூக்கினேன். டிரான்ஸ்பார்மரில் எது அதிக வோல்ட் வரும் எச்.டி. பக்கம், எது குறைந்த வோல்ட் போகும் எல்.டி. பக்கம் என்று அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு வேலை எப்படி வந்தது என்று உனக்கும் தெரியும். எனக்கு ஏன் வரவில்லை என்றும் தெரியும். அதற்காகத்தான் மரத்தை அறுத்தேன். வீடுகளைக் கொளுத்தியது நான் இல்லை. அப்போது நான் கரும்புக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்று எழுதியது தப்பென்றால் அடித்துவிடு.

தீனதயாளன்

•

புது தில்லி
19.2.1988

திரு. தீனதயாளன் அவர்களுக்கு,

என் மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. முதலாவது, சீனியருக்காக நான் படியெடுக்கும் 1951-ஆம் வருஷத்துத் தீர்ப்பு. அப்போது மதராஸ் அரசாங்கம் கல்லூரி இடங்களைப் பதினாலு பதினாலாகப் பிரித்து வைத்திருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, அரிஜனங்களுக்கு இரண்டு, கிறிஸ்தவர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. சம்பகம் துரைராஜன் என்ற பிராமண அம்மாள் வழக்குப் போட்டார். ஏழு நீதிபதிகள், எழுதியவர் எஸ்.ஆர். தாஸ். அரசாணை செல்லாது என்றார்கள். பிறகு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இதெல்லாம் உங்கள் சங்க மேடையிலேயே சொல்லியிருப்பார்கள்.

மேடையில் சொல்லாததைச் சொல்கிறேன். அந்த அம்மாள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை, தீர்ப்பிலேயே இருக்கிறது. விசாரித்தேன், கிடைக்காது என்று தெரிந்தது என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருந்தார். அரசாங்கமும் ஆட்சேபிக்கவில்லை. விண்ணப்பிக்காதவர்கள் இப்படி வருவதை நாங்கள் ஏற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு, நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். ஒரு தாள் பிரமாணப் பத்திரத்துக்கு அவ்வளவு பலம்.

இரண்டாவது காகிதம், செவ்வந்தி அண்ணிக்கு உங்கள் ஆபீஸ் அனுப்பிய விசாரணை அறிக்கை. ஒன்பது வரி. சப்ஸ்டேஷன் புத்தகத்தின்படி, காலை 10.20-க்கு வயர்மேன் பச்சமுத்து போனில் லைன் கிளியர் எடுத்தார். 11.35-க்கு வயர்மேன் பச்சமுத்து போனில் அதைத் திருப்பிக் கொடுத்தார். லைன் சார்ஜ் செய்து கரண்ட் விடப்பட்டது. திருப்பிக் கொடுத்த பிறகு மறுபடி ஏறியது அவரது சொந்தக் கவனக்குறைவு. மரம் வெட்டிய கலவரக்காரர்களுக்கு உடந்தை. ஆகவே வாரிசு வேலை இல்லை.

லைன் கிளியர் என்றால் என்ன என்று அண்ணன் எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறான். வேலை முடியும்வரை லைனை நிறுத்தி வைக்கச் சொல்லி சப்ஸ்டேஷனில் வாங்கும் அனுமதி. எவன் வாங்கினானோ அவன், ஏறிய ஆள் இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருப்பித் தர வேண்டும்.

ஏறியவன் சாகும்வரை இறங்கவே இல்லை. அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். கம்பத்தின் மேல் போன் இல்லை, தீனா. அப்படியென்றால் 11.35-க்குப் பேசிய பச்சமுத்து யார்?

பதில் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

கலையரசன்

•

கள்ளக்குறிச்சி
8.7.1990

கலை,

இரண்டு வருஷம் ஆகிறது. நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

போன வருஷம் இருபது சதவீதம் வந்துவிட்டது, உனக்குத் தெரியும். நீ சொன்ன மாதிரியே ஐம்பதுக்குள் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் மேல் போட்ட கேஸையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். எனக்கு வேலை வந்துவிட்டது. டெக்னிக்கல் அசிஸ்டென்ட், நிரந்தரம். போஸ்டிங் எங்கே என்று நினைக்கிறாய்? நம் ஊர் ஆபீஸ். தினமும் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் கையெழுத்துப் போடப் போகிறேன்.

முதல் நாளே பழைய பீரோவை ஒழிக்கச் சொன்னார்கள். அடியில் எண்பத்தேழாம் வருஷத்து லைன் கிளியர் புத்தகம் கிடந்தது. சப்ஸ்டேஷனில் ஒன்று இருக்கும், நம் ஆபீஸில் ஒன்று இருக்கும். விசாரணைக்கு வந்தவர் இதைக் கேட்கவே இல்லை. அந்தத் தேதியைப் பிரித்துப் பார்த்தேன். 10.20. பச்சமுத்து என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும்.

சாயந்தரம் சித்தப்பாவிடம் சொன்னேன். "அத்த ஏன்டா இன்னும் வச்சிக்கினு கீற? அடுப்புல போடு. அப்பறம் கையக் கழுவிக்கினு சோறு துன்னு" என்றார். மறுநாள் தலையாரி மாதிரி ஒரு ஆளை என் வீட்டு எதிரே உட்கார வைத்துவிட்டார். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு பீடி பிடிக்கிறான். எனக்குக் காவலாம்.

புத்தகத்தை அடுப்பில் போடவில்லை. டூல் பாக்ஸில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. இதற்குமேல் இப்போது எழுத முடியவில்லை.

தீனா

•

புது தில்லி
4.10.1990

தீனா,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு மாதமாகத் தில்லி எரிகிறது. மத்திய அரசு வேலையில் பிற்பட்டோருக்கு இருபத்தேழு சதவீதம் என்றதும், கல்லூரி மாணவர்கள் ரோட்டில் இறங்கிவிட்டார்கள். பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள். கழுத்தில் டை கட்டியவர்கள் சிக்னலில் உட்கார்ந்து, வருவோர் போவோருக்கு ஷூ பாலிஷ் போடுகிறார்கள். ஒதுக்கீடு வந்தால் எங்களுக்கு இந்தக் கதிதான் என்று அர்த்தமாம். என் தாத்தா செருப்புத் தைத்தவர். அந்த வேலை ஒரு நாள் வேஷமாகப் போட்டால் நாடே கண்ணீர் விடும் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

போன வாரம் ஒரு பையன் உடம்பில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துக்கொண்டான். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இருபதடி. அந்த வாடை சட்டையில் இறங்கியபோது, அண்ணனை நான் கடைசியாகப் பார்க்காததற்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். அந்தப் பையனுக்காகவும் அழுதேன். நம்பினால் நம்பு.

பக்கத்தில் நின்ற கூட்டம் திரும்பியது. "மதராஸியா? கோட்டாவா?" என்றார்கள். பதில் சொல்லுமுன் கையிலிருந்த டிபன் டப்பாவைப் பிடுங்கி, அதாலேயே அடித்தார்கள். வலது கையில் மூன்று விரல் உடைந்தது. டைப் அடிக்கிற விரல்கள். அம்மாவுக்கும் வலது கை, உனக்கும் விரல்கள், எனக்கும்.

மூன்று நாளுக்கு முன்னால், முதல் தேதி, சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை போட்டுவிட்டது. இனி பெரிய பெஞ்ச், வருஷக்கணக்கில் வாதம். உன் வேலை மாநில வேலை. உனக்கு ஆபத்து இல்லை.

கையெழுத்து யாருடையது என்று தெரியும் என்று எழுதினாய். எனக்கும் தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்த கையெழுத்து அது. ஆனால் எனக்குத் தெரிந்து பயனில்லை. எனக்கு ஒரு தாள் வேண்டும். நீ சத்தியம் செய்து எழுதிய ஒரே ஒரு தாள். அண்ணன் உடந்தை இல்லை, லைனைத் திருப்பிக் கொடுத்தவன் இல்லை, புத்தி கெட்டவன் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். அவன் மகள் இசைவாணியைப் பள்ளிக்கூடத்தில் "உங்கப்பன் தானா ஏறிச் செத்தவன்தானே" என்கிறார்களாம். ஆறு வயது.

அந்தத் தாளை நீ எழுதினால் வேலை போகும். ஜெயில்கூட வரலாம். தெரிந்தேதான் கேட்கிறேன்.

கலை

•

கள்ளக்குறிச்சி
25.11.1992

கலை,

உன் கடிதமும் லைன் கிளியர் புத்தகமும் இரண்டு வருஷம் ஒரே தட்டில் கிடந்தன. ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் கை படும். எடுக்க மாட்டேன்.

போன வாரம் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம். இருபத்தேழு செல்லும், மொத்தம் ஐம்பதைத் தாண்டக் கூடாது, வசதி வந்தவர்களைக் கழித்துவிட வேண்டும். சித்தப்பா பஸ் ஸ்டாண்டில் வெடி போட்டார். வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே நான் ஆபீஸுக்குள் நுழைந்தேன். காண்ட்ராக்ட் கூலி பழனி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்: "நான் தீனதயாளன் பேசறேன். ஆளுங்க எறங்கியாச்சு. லைன் ரிட்டர்ன், போட்டுக்குங்க."

ஆட்கள் இறங்கியாச்சா என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, வேலை நடப்பது மணலூர்பேட்டை போகிற ரோட்டில், இரண்டு மைல் தள்ளி. அவன் தலைமுடியைப் பிடித்து சுவரில் மோதினேன். மூக்கு உடைந்தது. நிறுத்தவில்லை. மறுபடி மோதினேன். ஃபோர்மேன் வந்து என்னைப் பிரித்தார். பழனி ரத்தத்தைத் துப்பிவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "இன்னா சார் அடிக்கிற? நீ காண்ட்ராக்ட்ல இருந்தப்போ இப்டித்தான செஞ்ச? நீதான சொல்லிக்குடுத்த?"

ஆமாம். காண்ட்ராக்ட் ஆளுக்கு லைன் கிளியர் எடுக்க அதிகாரம் இல்லை. நிரந்தர ஆள் பேரைச் சொன்னால்தான் சப்ஸ்டேஷனில் கொடுப்பார்கள். அதனால் தினமும் போனில் பச்சமுத்து அண்ணன் பேரைச் சொல்லி எடுப்பேன், அவர் பேரைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். அவருக்கும் தெரியும். "என் பேரு ஒனக்கு டூட்டி பாக்குதுடா" என்று சிரிப்பார். எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான் என்று நினைத்தோம்.

அன்று 10.20-க்கு எடுத்தது நான். சித்தப்பா எடுக்கச் சொன்னார், மரம் அறுப்பவர்கள் சாகாமல் இருக்க. வெளியே வந்து, "லைன் கிளியர் இருக்குது, ஏறு" என்று கத்தியது நான். ஏறமாட்டேன் என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் அவர் முதுகில் ரம்பத்தை வைத்து அழுத்தினார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நெஜமா எடுத்தியாடா?" "எடுத்துட்டேன், ஏறு." ஏறினார். கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடு போட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். அது ஆபீஸ் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. நாங்கள் அதை எடுத்துப்போனதே இல்லை.

சுட ஆரம்பித்ததும் ஆபீஸுக்குள் ஓடினேன். போன் அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம்தான் போன். சப்ஸ்டேஷன் ஆபரேட்டர்: "யோவ், மரம் வெட்டறதுக்கு லைனை நிறுத்திக் குடுத்தவன் யாருன்னு இங்க பெரிய ஆபீசருங்க நின்னுக்கினு கேக்கறாங்க. ரிட்டர்ன் பண்றியா இல்லியா? யார் பேசறது?" என் பேர் வந்துவிடும் என்று ஒரு பயம். வேலை கிடைக்காது, கேஸ் வரும். "பச்சமுத்து பேசறேன். ஆள் எறங்கியாச்சு. போட்டுக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் பின்பக்கமாகக் குதித்து ஓடினேன். கரும்புக்குள் போகும்போது பின்னால் ஒரு உறுமல் கேட்டது. அத்தனை கூச்சலும் ஒரு விநாடி நின்றுபோனது.

எல்லோரும் ஓடியபோது அவர் ஏன் இறங்கவில்லை என்று ஐந்து வருஷமாக யோசித்துவிட்டேன். கீழே துப்பாக்கி. மேலே லைன் கிளியர். அந்த இடத்திலேயே பத்திரமான இடம் அந்தக் கம்பம்தான் என்று நினைத்திருப்பார். நான் எடுத்தேன் என்று நம்பினார்.

நீ கேட்ட தாளை வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்து டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் கிழித்து இதோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். எங்கே கொடுக்க வேண்டுமோ கொடு. என்ன வந்தாலும் வரட்டும்.

தீனதயாளன்

•

புது தில்லி
4.12.1992

தீனா,

தாளைப் படித்தேன். மூன்று முறை படித்தேன். பிறகு அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உடைந்து சேர்ந்த விரல்களால் சுவரைக் குத்தினேன். மறுபடி கட்டுப் போட்டிருக்கிறது. உன்னை நேரில் பார்த்திருந்தால் சுவருக்குப் பதில் நீ.

தாளையும் பக்கத்தையும் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. இதை நான் தாக்கல் செய்ய மாட்டேன்.

அன்று இரண்டடி தள்ளி ஜன்னல் இருக்க, போனில் திருப்பிக் கொடுத்தாய். இன்று தபாலில் திருப்பிக் கொடுக்கிறாய். அதே வேலை, தீனா. இதை வாங்க வேண்டியவன் நான் இல்லை. முதலில் காலனிக்குப் போ. செவ்வந்தி அண்ணி முன்னால் நின்று இதைப் படி. அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். நீயே வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதன் பிறகு அவரை அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் போய், மாஜிஸ்திரேட் கையில் உன் கையால் கொடு.

போகும்போது உன் சித்தப்பாவின் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பான். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அண்ணன் ஏறியபோது அவன் முதுகிலும் ரம்பம் இருந்தது என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

கலை

•

கள்ளக்குறிச்சி, அரசு மருத்துவமனை
18.12.1992

கலை,

தலையில் பதினோரு தையல். தோளில் ஒரு வெட்டு, ஆழமில்லை. சித்தப்பாவின் ஆள் பின்னாலிருந்துதான் வீசினான். நான் விழுந்த இடம் காலனி எல்லை. தூக்கியது காலனிக்காரர்கள். ஏன் தூக்கினார்கள் என்று கேட்டேன். "எங்க எடத்துல செத்து வெச்சினா கேஸ் எங்க மேலதான வரும்" என்றார் ஒருவர். சரியான பதில்தான்.

ரத்தத்தோடேயே படித்தேன். உங்கள் அம்மா ஒட்டிப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை. செவ்வந்தி நின்றுகொண்டே கேட்டார். "ஆள் இறங்கிவிட்டதாக நம்பி, லைனைத் திருப்பிக் கொடுத்தேன்" என்ற வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். இதுவரை என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசியவர்.

"நம்புனியா? ஜன்னலு இருந்துச்சே. திரும்பிப் பாத்தியா?"

நான் தாளை மடித்தேன்.

"கேக்கறன் இல்ல? பாத்தியா, பாக்கலியா?"

"பாக்கல."

"அப்ப அத எழுது" என்றார். தலையில் கட்ட அவரே ஒரு பழைய புடவைக் கிழிசலை எடுத்து என் முன்னால் போட்டார். கட்டிவிடவில்லை.

ராத்திரி தையல் போட்டுக்கொண்டு, மறுநாள் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனோம். பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். மாஜிஸ்திரேட், "இதை நீங்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னால் உங்களுக்கு எதிராகவே வரும். யோசிக்க நேரம் தருகிறேன்" என்றார். "அஞ்சு வருஷம் யோசிச்சிட்டேங்க" என்றேன். அப்படியும் வெளியே உட்கார வைத்து, மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிட்டார். அங்கிருந்து இங்கே வந்து படுத்துவிட்டேன். ஆபீஸிலிருந்து சஸ்பென்ஷன் உத்தரவு இன்று காலை இந்தக் கட்டிலுக்கே வந்துவிட்டது. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருக்கிறார்.

மாஜிஸ்திரேட் முன்னால் பேனா வாங்கி, "நம்பி" என்ற வரியை அடித்தேன். அதற்கு மேலே எழுதினேன்: "ஜன்னல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை." திருத்தம் செய்த இடத்தில் சுருக்கொப்பம் போதும் என்றார் கிளார்க். செவ்வந்தி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கொப்பம் போடவில்லை. என் பேரை முழுசாக எழுதினேன்.

தீனதயாளன்